அம்மா முடிஞ்சு வச்ச காசு

எங்கம்மா என்னை "எப்ப வர்ற?"ன்னு கேட்டு மூணு வருசமாச்சு.

வெளிய சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. இங்க அமெரிக்காவுல என்கூட வேலை பாக்கற நம்ம பக்கத்துப் புள்ளைங்க எல்லாருக்கும் அந்தக் கேள்விதான் பெரிய தலைவலி. போனை எடுத்தாலே போதும், பொங்கலுக்கு வர்றியா, சித்திரைக்கு வர்றியான்னு அவங்கம்மாங்க உசுரை எடுக்கறாங்களாம். மத்தியானம் டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு ஆளாளுக்கு அலுத்துக்குவாங்க. நான் வாயில சோத்தைப் போட்டுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். எனக்கு அப்படியே வயிறு எரியும். குடுத்து வச்சவங்கடி நீங்கன்னு சொல்லணும்போல இருக்கும். சொன்னதில்ல.

அம்மா கேக்காம இருக்கறதுக்குக் காரணம் உண்டு. அதுல பாதி சாமி, பாதி என் வாய்.

நான் டிரிபிள் ஜம்ப் தாண்டறவ. ஓடி வந்து ஒரு பலகையை மிதிச்சு எழும்பி, மிதிச்ச கால்லயே ஒரு தடவை இறங்கி, அடுத்த கால்ல ஒரு தடவை இறங்கி, மூணாவதா மணல்ல போய் விழணும். ஊர்ல யாராவது விசாரிச்சா அம்மா சுருக்கமா முடிச்சிடுவா: "மூணு தாவு தாவி மண்ணுல வுழுவா. அதுக்காவ வெளிநாட்டுல கூப்புட்டுப் படிக்க வைக்கறாங்க." கேட்டவங்களுக்கு அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியாது.

பொய்யும் இல்ல அது. அரூருக்குப் பக்கத்துல எங்க ஊரு. மரவள்ளியும் மஞ்சளும் போடற குடும்பம், நாலு மாடு. பள்ளிக்கூடத்துல தாண்ட ஆரம்பிச்சது மாவட்டம், மாநிலம்னு போயி, ஒரு தேசியப் போட்டியில நான் தாண்டின வீடியோவை யாரோ போட்டு, அதைப் பாத்துட்டு அமெரிக்காவுல ஒரு சின்னக் காலேஜோட கோச் மெயில் அனுப்பிச்சாரு. அவங்க அணிக்காகத் தாண்டணும், கூடவே படிச்சுக்கலாம், தங்கறதும் சாப்பாடும் அவங்க பொறுப்பு. அப்பா அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு தர்மபுரியில தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைப் போய்ப் பாத்து, இது ஏமாத்து வேலை இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டு வந்துதான் சிரிச்சாரு. அம்மா அப்பவும் சிரிக்கல. "எத்தன வருசம்?"னு மட்டும் கேட்டா. நாலுன்னேன். விரலை மடக்கிப் பாத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா.

பிசினஸ் படிப்பை நான் ஒண்ணும் ஆசைப்பட்டு எடுக்கல. விண்ணப்பத்துல எதையாவது ஒண்ணை டிக் பண்ணியாகணும். பயிற்சி நேரத்தோட மோதாத வகுப்பு இதுதான்னு கோச் சொன்னாரு, பண்ணிட்டேன். காலையில அஞ்சரைக்கு எடை தூக்கணும். எட்டு மணிக்கு மார்க்கெட்டிங். மத்தியானம் பிசினஸ் லா. மூணு மணிக்கு டிராக். அது முடிஞ்சு தசை வலி அடங்கறதுக்காக ஐஸ் தொட்டியில இடுப்பு வரைக்கும் உக்காந்து, பல்லு தடதடன்னு அடிக்க, ஒரு ஒப்பந்தம் செல்லுபடியாக என்னென்ன வேணும்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருப்பேன். வெள்ளிக்கிழமை வந்தா பஸ். ஒன்பது மணி நேரம் போயி தாண்டிட்டு, திரும்பி வர்றப்ப மடியில லேப்டாப்பை வச்சு குரூப் அசைன்மென்ட்டை முடிக்கணும். குரூப்ல மிச்சம் மூணு பேரு இருப்பாங்க. "நீதான் எங்க தெய்வம்"ங்கற மாதிரி ஆளுக்கொரு இதயத்தை அனுப்பிட்டுத் தூங்கிடுவாங்க, கடங்காரப் பசங்க.

காலேஜ்ல இருக்கறப்ப எதுக்குடி ரொம்ப ஏங்கினன்னு என்னைக் கேட்டா, சாப்பாடுன்னு சொல்லமாட்டேன், ஊருன்னும் சொல்லமாட்டேன். சண்டைக்கு ஏங்கினேன். எங்கம்மாகூட ஒரு நாளைக்கு ஒரு சண்டையாவது போடலன்னா எனக்கு அந்த நாள் முடிஞ்ச மாதிரியே இருக்காது. அங்க யார்கிட்ட போடறது? இங்கிலீஷ்ல எனக்குக் கோபம் வராது. கோபம் வர்றப்ப வார்த்தை வராது, வார்த்தையைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள கோபம் போயிடும். அதனால ரொம்ப அமைதியான பொண்ணுன்னு காலேஜ் பூரா பேரெடுத்துட்டேன். எங்க தெருவுல போய்ச் சொன்னா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பாங்க.

சண்டைக்குன்னு இருந்தது போன்தான். எனக்கு சாயங்காலம் ஏழு மணின்னா அம்மாவுக்கு விடியற நேரம், பால் கறக்கற நேரம். போனைத் தண்ணித் தொட்டி மேல சாத்தி வச்சுட்டு உக்காந்துடுவா. எனக்கு மாட்டோட வயிறும் அம்மாவோட முழங்கையும்தான் தெரியும். பாத்திரத்துல பால் பீச்சற சத்தம் கேக்கும்.

"என்ன சாப்ட்ட?"

"பாஸ்தா."

"நேத்து?"

"நேத்தும் அதான்."

"அதுல என்னதான்டி இருக்குது?"

"மாவும்மா."

"மாவு திங்கறதுக்கா அவ்ளோ தூரம் போன?"

இப்படி ஆரம்பிச்சு அது எங்கயோ போய் முட்டிக்கிட்டு நிக்கும். கடைசியில போனை வைக்கறதுக்கு முன்னாடி, தினமும், தவறாம, "சரி, எப்ப வர்ற?"ன்னுவா. "சும்மா அதையே கேக்காதம்மா, நான் என்ன பஸ்ஸைப் புடிச்சா வர்றதுக்கு?"ன்னு எரிஞ்சு விழுவேன். அப்படி எத்தனை நாள் எரிஞ்சு விழுந்திருப்பேன்னு இப்ப நெனச்சா என் வாயிலயே நாலு போடணும்போல இருக்கு.

மூணாவது வருசம், பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு புதன்கிழமை. ஒரே நாள்ல எல்லாம் சேர்ந்து வந்துச்சு. ரெண்டு நாளா பனி கொட்டி ரோடு மூடிக்கிச்சு. சாப்பாட்டுக் கூடத்தைச் சீக்கிரம் பூட்டிட்டாங்க, மத்தியானம் வெறும் கார்ன்ஃப்ளேக்ஸ். லா பரிட்சையில நான் எழுதினது எனக்கே புரியாத மார்க்கு வாங்கியிருந்துச்சு. பயிற்சியில எட்டு தடவை ஓடி வந்து எட்டு தடவையும் பலகைக்கு அந்தாண்ட மிதிச்சேன். தாண்டறவளுக்கு அது மாதிரி அவமானம் வேற கிடையாது. தாண்டினது கணக்குலயே வராது. ஷூவுக்குள்ள சாக்ஸ் ஈரம். ரூமுக்கு வந்து போனைப் போட்டேன்.

அம்மா மாட்டுக்கிட்ட உக்காந்தவ திரும்பிப் பாத்தா. "என்ன பாப்பா, மொகம் ஒரு மாதிரி இருக்குது?"

அவ்ளோதான். பொலபொலன்னு வந்துடுச்சு. "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடும்மா. எனக்கு முடியல. தாண்டவும் வேணாம், படிக்கவும் வேணாம், எப்படியாவது கூட்டிட்டுப் போயிடும்மா"ன்னு, மூக்கு ஒழுக, சின்னப் புள்ளை மாதிரி அழுதேன். பால் பீச்சற சத்தம் நின்னு போச்சு. என்னாச்சுன்னு மாடு கழுத்தைத் திருப்பிப் பாக்குது. அப்பறம் அம்மா, "அழுவாத பாப்பா. நான் பாத்துக்கறேன்"னா.

அழுது முடிச்சேன். முகம் கழுவினேன். ரூம்ல கூட இருந்த பொண்ணு பீட்சா வாங்கிட்டு வந்திருந்தா, ரெண்டு துண்டு தின்னுட்டுப் படுத்துட்டேன். காலையில எழுந்தா பளிச்சுன்னு வெயில். அன்னைக்குப் பயிற்சியில பலகை தானா வந்து காலுக்கடியில உக்காந்துச்சு. கோச் கைதட்டினாரு. சத்தியமா சொல்றேன், முந்தின நாள் அழுதது எனக்கு ஞாபகத்துலயே இல்ல. என் தலையில இருந்த பாரத்தை எறக்கி எங்கம்மா தலையில வச்சுட்டு நான் கையை வீசிக்கிட்டுப் போயிட்டேன்.

சனிக்கிழமை போட்டி. உள்ளரங்கம். ரெண்டாவது வாய்ப்பு. முதல் தாவு நல்லா வந்துச்சு, வந்ததுல எனக்கே சந்தோசம். அடுத்த கால் தரையில பட்டப்ப முட்டி உள்பக்கமா மடங்குச்சு. டொக்குன்னு ஒரு சத்தம். அது என் கால்ல இருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியல, பக்கத்துல யாரோ எதையோ கீழ போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். மணலுக்கு முன்னாடியே விழுந்து கிடந்தேன்.

முட்டிக்குள்ள ஒரு தசைநாரு அறுந்துடுச்சு. பத்து நாள்ல ஆபரேசன். கோச் ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்துல உக்காந்து, "உன் இடம் உனக்குத்தான். கோடை லீவுல வீட்டுக்குப் போயி காலைத் தேத்திக்கிட்டு ஆகஸ்ட்ல வா, இன்னும் ஒரு வருசம் தாண்டலாம்"னாரு. வீட்டுக்கு முதல்ல சுளுக்குன்னு சொன்னேன். ஆபரேசன் முடிஞ்சப்பறம்தான் உண்மையைச் சொன்னேன். அப்பா நூறு கேள்வி கேட்டாரு. அம்மா போன் முன்னாடி வந்து, கட்டுப் போட்ட காலை ஒரு பார்வை பாத்துட்டு எழுந்து போயிட்டா. அன்னையில இருந்துதான் "எப்ப வர்ற"ங்கறது நின்னு போச்சு. நான் அதைக் கவனிக்கல. வலி, ஊன்றுகோல், பரிட்சைன்னு என் பாடே எனக்குப் பெரும்பாடா இருந்துச்சு.

மே மாசக் கடைசியில வந்து சேர்ந்தேன். பெங்களூருக்கு அப்பா கார் எடுத்துக்கிட்டு வந்தாரு. வீட்டு வாசல்ல அம்மா என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா, விடவே இல்ல. முகத்தைப் பாக்கறா, கழுத்தைப் பாக்கறா, இளைச்சுட்டன்றா. காலை மட்டும் பாக்கல. சரி, வந்த அன்னைக்கு அப்படின்னு விட்டேன். மறுநாளும் அப்படித்தான். தினமும் கூடத்துல பாயைப் போட்டு, கணுக்கால்ல மணல் மூட்டையைக் கட்டி, முட்டியை நீட்டி மடக்கணும். நான் பாயை விரிச்சா அம்மா எழுந்து கொல்லைக்குப் போயிடுவா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு எண்ணுவேன், அவ வெளிய சாணி அள்ளிக்கிட்டு இருப்பா. ரெண்டு வாரம் பொறுத்தேன். எனக்கெல்லாம் அதுவே பெருசு.

ஒரு நாள் கத்திட்டேன். "என் கால் என்ன தீட்டா? பெத்த தாயி, ஒரு தடவை தொட்டுப் பாத்தா கொறஞ்சா போயிடுவ?"

அம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. எங்கம்மா சண்டையில திருப்பிக் குடுக்காம போனதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். எனக்கு பயமாயிடுச்சு.

மறுநாள் பிசியோதெரபிக்காக தர்மபுரிக்கு பஸ்ல போறப்ப அப்பாதான் வாயைத் திறந்தாரு. "நீ ஒரு நாளு போன்ல அழுதியாமே? எனக்கு அப்ப தெரியாது. அன்னைக்கு உங்கம்மா பால சொசைட்டிக்குக்கூட அனுப்பல. நேரா போயி தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து, தீர்த்தமலை சாமிக்குக் காசு முடிஞ்சு வச்சுட்டா."

எங்க பக்கம் பெருசா ஏதாவது வேண்டிக்கிட்டா, ஒரு ரூபாக் காசை மஞ்சத் துணியில முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சுடுவாங்க. வேண்டினது நடந்ததும் அந்த முடிச்சோட கோயிலுக்குக் கொண்டுபோயி உண்டியல்ல சேத்துடணும். சேக்காம வச்சிருந்தா சாமி குத்தம்.

"என்னப்பா வேண்டிக்கிச்சாம்?"

அப்பா ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே சொன்னாரு. "படிப்பு வேணாம், பந்தயம் வேணாம், எம்புள்ள சீக்கிரமா வூட்டுக்கு வந்து சேந்தா போதும். அவளையே மலைக்குக் கூட்டியாந்து காச போடறேன்னு. மூணாம் நாளு உனக்குக் கால் போச்சு."

போன்ல அழுதது லேசா ஞாபகம் வந்துச்சு, என்ன சொல்லி அழுதேன்னு வரல. அப்பா விடாம சொல்லிக்கிட்டே வந்தாரு. இப்ப நான் வீட்டுக்கு வந்துட்டேன். வேண்டுதல் பலிச்சுடுச்சு. அப்ப காசைப் போய்ப் போடணும். போட்டா, புள்ளை காலை ஒடிச்சுக் குடுத்ததுக்கு சாமிக்கு நன்றி சொன்ன மாதிரி ஆயிடும். போடலன்னா குத்தம், அது இன்னும் எதுல போய் முடியுமோ. இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஜனவரியில இருந்து அம்மா சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. என் காலைப் பாக்கறப்பல்லாம் தான் ஒடிச்ச காலுன்னு பாக்கறா.

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. இவ்ளோதானா? என் காலைப் பாத்து அம்மா அருவருப்புப்படறான்னுல்ல நான் நெனச்சேன்! இதை ஒரே நாள்ல சரி பண்ணிடலாம்னு தோணுச்சு. பிசினஸ் படிச்ச திமிரு. எந்தச் சிக்கலுக்கும் ஒரு தீர்வு இருக்கும்னு நாலு ஸ்லைடு போட்டுக் காட்டற படிப்புதானே அது. படி ஏறலாம்னு டாக்டரும் சொல்லியிருந்தாரு. ஜூலையில ஒரு நாள், "ம்மா, கெளம்பு, மலைக்குப் போறோம், காசை எடுத்துக்க"ன்னு நின்னேன். அம்மா மறு பேச்சு பேசாம கெளம்பிட்டா.

தீர்த்தமலை படி கொஞ்ச நஞ்சமில்ல. நான் முட்டிக்குப் பட்டை மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு படியா நல்ல காலை முன்ன வச்சு ஏறினேன். அம்மா என் பின்னாலயே வந்தா, நான் சாய்ஞ்சா புடிக்கற தூரத்துல. குரங்குங்க கைப்பையைக் குறி வச்சுக்கிட்டே கூட வந்துச்சுங்க. அம்மா முந்தானையில முடிச்சை இறுக்கிப் புடிச்சிருந்தா. பேச்சே இல்ல. எனக்கு அந்த அமைதி தாங்கல. பாதி மலையில ஒரு பாறை நிழல்ல உக்காந்தோம். அவளைச் சிரிக்க வைக்கணும்னு நெனச்சேன். நெசமா அதுக்காகத்தான் சொன்னேன்.

"ம்மா, நான் லா படிச்சிருக்கேன் தெரியுமில்ல. ஒருத்தர்கிட்ட ஒப்பந்தம் போடறப்ப எல்லாத்தையும் விவரமா எழுதிக்கணும். நீ பாட்டுக்கு மொட்டையா கேட்டுட்ட. 'ரெண்டு காலோட வரணும் சாமி'ன்னு ஒரு வரி சேத்திருந்தா என்ன? விவரமா கேக்கத் தெரியலன்னா கேக்கவே கூடாதும்மா."

அம்மா சிரிக்கல. கையில இருந்த தண்ணி பாட்டிலைக் கீழ வச்சா. "நான் படிக்காதவ பாப்பா. சாமிகிட்ட எப்டி கேக்கறதுன்னு எனக்குத் தெரியலதான்."

தமாசுக்குச் சொன்னது இப்படிப் போயிடுச்சேன்னு எனக்கு எம்மேலயே கோபம் வந்துச்சு. எம்மேல வர்ற கோபத்தை நான் என்னைக்கு எம்மேல காட்டியிருக்கேன்? "அப்ப எதுக்கும்மா கேட்ட? நானா உன்னைக் கேக்கச் சொன்னேன்?"னு கத்தினேன். இறங்கிக்கிட்டிருந்த ரெண்டு பேரு திரும்பிப் பாத்துட்டுப் போனாங்க.

அம்மா என் முகத்தைப் பாத்தா. உதடு அசைஞ்சுது. ஏதோ சொல்ல வந்தா. அப்பறம் என் முட்டியைப் பாத்தா, மே மாசத்துல இருந்து முதல் தடவையா. வாயை மூடிக்கிட்டு எழுந்து, "வா, வெயிலு ஏறுது"ன்னா.

மேல போயி, பாறையில இருந்து விழற தீர்த்தத்தைத் தலையில தெளிச்சுக்கிட்டு, சாமி முன்னாடி நின்னோம். அம்மா முடிச்சை எடுத்து உண்டியல்ல போட்டா. கையைக் கூப்பினவ முணுமுணுன்னு வேண்டிக்கல. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசற மாதிரி, நல்லா எனக்குக் கேக்கற மாதிரி சொன்னா. "உன் கடன் தீந்துச்சு. இனிமே எம்புள்ளயப் பத்தி நான் உன்ன எதுவும் கேக்கமாட்டேன். அவள வரச் சொல்லியும் கேக்கமாட்டேன். நான் வாய வச்சா வெளங்கறதில்ல. நீயே பாத்துக்க."

அப்பாடா, ஒரு வழியா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இறங்கறப்ப அம்மாவுக்கு இளநி வாங்கிக் குடுத்தேன், அவளும் குடிச்சா. அந்த ஆகஸ்ட்ல ஃப்ளைட் ஏறிட்டேன்.

திரும்பிப் போயி பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். மூணு தாவையும் மறுபடி முதல்ல இருந்து, நடந்துக்கிட்டே பழகிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் போன் பண்ணேன். மாட்டு வயிறு, முழங்கை, பால் சத்தம். என்ன சாப்ட்ட, கால் எப்டி இருக்குது, ஐஸ் வச்சியா. அப்பறம் "சரி பாப்பா, வச்சுடறேன்"னா. நான் போனைக் கையில புடிச்சுக்கிட்டே நிக்கறேன். ஏதோ ஒண்ணு பாக்கி இருக்கு. எரிஞ்சு விழறதுக்கு நான் தயாரா வாயைத் தெறந்து வச்சிருக்கேன், அந்தக் கேள்வியைக் காணோம். அடுத்த நாளும் காணோம். அதுக்கடுத்த நாளும்.

அப்பதான் எனக்கு அந்தப் புதன்கிழமை முழுசா ஞாபகம் வந்துச்சு. ஐஸ் தொட்டியில உக்காந்திருந்தேன். எப்படியாவது கூட்டிட்டுப் போயிடும்மான்னு நான் அழுதது, அவ நான் பாத்துக்கறேன்னு சொன்னது, ஒவ்வொண்ணா வந்துச்சு. நானா கேக்கச் சொன்னேன்னு மலையில நின்னு ஊரு கேக்கக் கத்தினேனே. ஆமா. நான்தான் கேக்கச் சொன்னேன். நான் சொல்லித்தான் அவ காசு முடிஞ்சு வச்சா. பாறை நிழல்ல அவ உதடு அசைஞ்சப்ப, "நீதானடி அழுத"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கயே செத்திருப்பேன். அது அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் சொல்லல. நான் தொட்டிக்குள்ள அழுதேன். குளிருக்கு அழறேன்னு நெனச்சு டிரெய்னர் துண்டைக் குடுத்துட்டுப் போனாங்க.

மன்னிப்பு கேக்காமலா இருந்தேன்? கேட்டேன். "ம்மா, அன்னைக்கு நான் அழுததாலதானே நீ..."ன்னு ஆரம்பிச்சா, "அதெல்லாம் எதுக்கு இப்ப, செவல கன்னு போட்டிருக்குது பாரு"ன்னு போனைக் கன்னுக்குட்டி பக்கம் திருப்பிடுவா. நாலஞ்சு தடவை முயற்சி பண்ணேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு மாடு குறுக்க வந்துடும்.

அந்தக் கடைசி வருசம் தாண்டினேன். பழைய தூரம் திரும்ப வரல, ஆனா ரெண்டு காலையும் நம்பி ஓடி வந்து மணல்ல விழுந்தேன், அது போதும்னு இருந்துச்சு. பட்டம் வாங்கினேன். சரக்கு அனுப்பற ஒரு கம்பெனியில வேலை கெடச்சுது. சம்பளம் வந்துச்சு, ரூம் மாறினேன், பாஸ்தாவைக் கையாலயும் தொடறதில்ல. எல்லாம் நல்லாத்தான் போகுது. அந்தக் கேள்வி மட்டும் வரல.

நான் தூண்டில் போட்டுப் பாத்தேன்.

"பொங்கல் வருதில்லம்மா?"

"ஆமா, வருது."

"இந்நேரம் மாம்பழம் வந்திருக்குமே."

"வந்திருக்குது. நல்ல காய்ப்பு இந்த வருசம்."

"என் ரூம்மேட் ஊருக்குப் போறாம்மா."

"பத்தரமாப் போயிட்டு வரச் சொல்லு."

மவராசி, நூலு கூட ஆடல. தெருவுல யாராவது "எப்பங்க வருது பொண்ணு?"ன்னு கேட்டா, "அவளுக்குத் தோணுனா வருவா"ன்னு சொல்லிடறாளாம். அப்பாதான் சொன்னாரு. ரெண்டு தடவை டிக்கெட் போடக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். ரெண்டு தடவையும் மூடி வச்சுட்டேன். விசா, லீவுன்னு மத்தவங்ககிட்ட காரணம் சொன்னேன். உண்மையில வீம்பு. ஒரே ஒரு தடவை அவ வாயால வான்னு சொல்லட்டும், அப்ப போறேங்கற வீம்பு. அதுக்கடியில பயமும் இருந்துச்சு. ஒருவேளை நான் இல்லாம அவளுக்குப் பழகிப் போயிருச்சோன்னு.

போன வாரம் ஒரு சாயங்காலம், வேலை முடிஞ்சு வந்து செருப்பைக்கூடக் கழட்டல. எனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல, யாரும் எதுவும் சொல்லல, பனியும் பெய்யல. சும்மா, அம்மா வேணும்னு இருந்துச்சு. அந்தக் கை, சாணி வாசனை, காரணமில்லாத ஒரு சண்டை. போனைப் போட்டேன். அப்பா முதல் கறவையை எடுத்துக்கிட்டு சொசைட்டிக்குப் போயிட்டாரு, அம்மா தனியாத்தான் இருந்தா.

"ம்மா, நான் வரட்டுமா?"

பால் சத்தம் நின்னுது. முழங்கை அசையல. அப்பறம் முகம் போன் கிட்ட வந்துச்சு, நெத்தி பாதி தெரியலை.

"காலு நல்லாத்தான இருக்குது?"

"நல்லாத்தாம்மா இருக்குது."

"நெசமா? எழுந்து நின்னு காட்டு."

போனைச் செவுத்துல சாத்தி வச்சுட்டு எழுந்து நின்னேன். ரெண்டு தடவை குதிச்சுக் காட்டினேன்.

"வேலையில ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் எதுக்கு வர்றேன்ற?"

எதுக்கு வர்றன்னு கேக்கறா, பெத்தவ. மூணு வருசம் நான் காத்துக்கிட்டிருந்தது இதைக் கேக்கறதுக்கா? கோபம் சுர்ருன்னு தலைக்கு ஏறுச்சு. கத்தறதுக்குத்தான் வாயைத் தெறந்தேன்.

"உன்னப் பாக்கணும்மா. வேற ஒண்ணும் இல்ல. உன்னப் பாக்காம எனக்கு முடியல."

மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்பறம் அவ என்னை விட்டுட்டு, தொழுவத்துக்கு வெளிய, தீர்த்தமலை இருக்கற பக்கமாத் திரும்பினா. அங்க மனுசங்க யாரும் இல்ல. இருந்தாலும் நல்லா சத்தமா, எட்டற மாதிரி சொன்னா:

"நான் கூப்புடல. கேட்டுக்க. அவளாத்தான் வர்றா."